பெண்கள் வயிற்று நோயும் நமது மானமும்



நம் நாட்டில் வாய்விட்டுச் சொல்லக் கூடாதென்று ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும் விஷயங்கள் அநேகம் உண்டு. அவைகளில் பெரும்பாலானவை பெண்களின் உடம்பைப் பற்றியவைகளாகவே இருக்கும். ஒரு பெண்ணுக்குத் தலைவலி என்றால் தெருவெல்லாம் சொல்லலாம். முழங்கால் வலி என்றால் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி மருந்து கேட்கலாம். ஆனால் தொப்புளுக்குக் கீழே ஒரு வலி என்றால் மாத்திரம் அது "பெண்கள் சமாச்சாரம்" ஆகிவிடுகின்றது. உடனே ஆண்கள் எழுந்து திண்ணைக்குப் போய்விடுகின்றார்கள். பெண்கள் குரலைத் தாழ்த்திக் கொள்ளுகின்றார்கள். நோய் மாத்திரம் யாருக்கும் வெட்கப்படாமல் உள்ளே வளருகின்றது. இப்படி வளரும் நோய்களில் ஒன்றாகிய சினைப்பைப் புற்றுநோயைப் பற்றித்தான் இன்று நாம் மறைவில்லாமல் எழுதப் போகின்றோம். படிப்பதற்குக் கூச்சப்படுகிறவர்கள் தங்கள் வீட்டுப் பெண்களின் உயிரை ஒரு பக்கமும் தங்கள் கூச்சத்தை ஒரு பக்கமும் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு மேலே படிக்கட்டும்.

சினைப்பை என்பது பெண்ணின் அடிவயிற்றில் கருப்பைக்கு இருபுறமும் ஒவ்வொன்றாக இருக்கும் சிறு உறுப்பு. கருமுட்டை உண்டாகும் இடம் அதுதான். நாம் ஒவ்வொருவரும் ஆரம்பத்தில் அங்கிருந்து புறப்பட்டவர்களே. கோயில் கருவறைக்கு முன்னால் கைகட்டி நிற்கிறவன் தான் உண்டான உண்மையான கருவறையின் பேரைச் சொல்ல நாக்கூசுகின்றான் என்றால், இதைவிடப் பெரிய வேடிக்கை வேறென்ன இருக்க முடியும்?

இந்த உறுப்பிலும் இதை ஒட்டிய கருக்குழாயிலும் தோன்றும் புற்றுநோயினால் உலகத்தில் 2022ஆம் ஆண்டில் மாத்திரம் சுமார் 3,24,000 பெண்கள் புதிதாகப் பீடிக்கப்பட்டார்கள் என்றும், 2,06,000 பேருக்கு மேல் மாண்டார்கள் என்றும் உலகப் புற்றுநோய்க் கணக்கு சொல்லுகின்றது. இந்தியாவில் அதே ஆண்டில் புதிதாக நோய் கண்டவர்கள் 47,000 பேருக்கு மேல். மாண்டவர்கள் சுமார் 33,000 பேர். நம் நாட்டுப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகத்துக்கும் கருப்பை வாய்க்கும் அடுத்தபடியாக மூன்றாவது இடத்தில் நிற்பது இதுவே. ஒரு வருஷத்தில் 33,000 பேர் என்றால் நாள் ஒன்றுக்குச் சுமார் 90 பேர். நாள் தவறாமல் ஒரு பஸ் நிறையப் பெண்கள் கவிழ்ந்து சாவதாக இருந்தால் நாம் சும்மா இருப்போமா? ரோட்டை மறிக்க மாட்டோமா? ஆனால் இவர்கள் தனித்தனி வீடுகளில், தனித்தனிப் பாயில், "வயிற்றில் ஏதோ கட்டியாம்" என்ற ஒரு வார்த்தையோடு சாவதால் யாருக்கும் கணக்குத் தெரிவதில்லை.

"ஓசையில்லாமல் கொல்லும் நோய்" என்னும் பொய்

இந்த நோய்க்கு மேல்நாட்டிலும் நம் நாட்டிலும் நெடுநாளாய் ஒரு பட்டப்பேர் வழங்கி வருகின்றது. அதாவது இது ஓசையில்லாமல் கொல்லும் நோயாம். ஒரு அடையாளமும் காட்டாதாம். இது அவ்வளவும் உண்மையல்ல. 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இத்துறை வைத்தியச் சங்கங்கள் ஒன்றுகூடி, இந்த நோய்க்கு அடையாளங்கள் உண்டென்று கூட்டாகவே சொல்லிவிட்டன. அவை நான்கு. ஒன்று, வயிறு உப்பிக்கொண்டே இருப்பது. இரண்டு, அடிவயிற்றிலோ இடுப்புக் குழியிலோ வலி. மூன்று, கொஞ்சம் சாப்பிட்டவுடனேயே வயிறு நிறைந்துவிட்டதுபோல் தோன்றுவது, அல்லது பசியே எடுக்காமலிருப்பது. நான்கு, அடிக்கடி மூத்திரம் போக வேண்டும்போல் இருப்பது, அல்லது அடக்க முடியாமல் அவசரப்படுத்துவது.

"இதெல்லாம் எல்லாருக்கும் வருகிறதுதானே" என்று உடனே ஒருவர் கேட்பார். வருகிறதுதான், அதை நாம் மறுக்கவில்லை. விருந்து சாப்பிட்ட மறுநாள் வயிறு உப்பினால் அது விருந்தின் குற்றம். ஆனால் முன்பு இல்லாத ஒரு தொந்தரவு புதிதாக வந்து, போகாமல் நின்று, மாதத்தில் 12 நாளுக்கு மேல் திரும்பத் திரும்ப வருமானால், அதிலும் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்ணுக்கு வருமானால், அதைச் சோதித்துப் பார்த்தே தீர வேண்டும். பிரிட்டனில் 2011ஆம் ஆண்டில் வைத்தியர்களுக்கு வகுத்துக் கொடுத்த முறையும் ஏறக்குறைய இதுதான்: முதலில் ரத்தத்தில் சி.ஏ.125 என்ற சோதனை. அது அளவுக்கு மீறியிருந்தால் வயிற்றை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது. இதில் மந்திரமுமில்லை, மாயமுமில்லை. இந்த அடையாளங்கள் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருக்காது என்பதையும், சினைப்பையில் வரும் நீர்க்கட்டிகளில் பெரும்பாலானவை கெடுதலற்றவை என்பதையும் சேர்த்தே சொல்லுகின்றோம். ஜனங்களைப் பயமுறுத்திக் காசு பறிப்பது பூசாரியின் தொழிலே ஒழிய நமது தொழிலல்ல.

ஆகவே நோய் ஓசையில்லாமல் கொல்லுகின்றது என்பது சரியல்ல. நோய் பேசத்தான் செய்கின்றது. கேட்க வேண்டியவர்களின் காதுதான் அடைத்துக் கிடக்கின்றது.

காது அடைத்தது எதனால்?

யோசித்துப் பாருங்கள். கொஞ்சம் சாப்பிட்டவுடன் வயிறு நிறைந்துவிடுகின்றது என்பது ஒரு அடையாளம் என்றோம். நம் வீடுகளில் பெண் எப்போது சாப்பிடுகின்றாள்? புருஷன் சாப்பிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு, வந்த விருந்தாளி சாப்பிட்டு, சட்டியில் மிச்சம் உள்ளதை அடுப்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகின்றாள். அவள் நாலு கவளம் சாப்பிட்டாளா, இரண்டு கவளத்தோடு கையைக் கழுவினாளா என்று பார்த்தவர் யார்? வீட்டு மாடு தீனி எடுக்காவிட்டால் அன்றைக்கே மாட்டு வைத்தியரைக் கூட்டி வருகிற குடியானவன், மனைவி தீனி எடுக்காமல் ஆறு மாதமானது தெரியாமல் இருக்கின்றான். ஏனென்றால் மாடு அவன் கண்முன்னே தின்கின்றது. மனைவி அவன் கண்ணுக்குப் பின்னே தின்கின்றாள்.

வயிறு பெருப்பது மற்றொரு அடையாளம். பாவாடை நாடா இடுப்பை அறுக்கின்றது. நேற்றுவரை கட்டிய இடத்தில் கட்ட முடியவில்லை. கையும் முகமும் இளைத்து வயிறு மாத்திரம் ஏறுகின்றது. சேலை அதை மூடிவிடுகின்றது. மகளோ மருமகளோ கண்டு கேட்டால் "வயசானால் வயிறு தொங்காதா" என்று பதில் வருகின்றது. கிழவிக்கு இப்படி என்றால், விதவைக்கும் கலியாணமாகாத பெண்ணுக்கும் நிலைமை இதைவிடக் கொடுமை. அவள் வயிறு கொஞ்சம் உயர்ந்தால் ஊரின் நாக்கு நீண்டுவிடுகின்றது. "யார் காரணம்" என்று கேட்பதற்கு ஆயிரம் பேர் வருவார்கள். "என்ன நோய்" என்று கேட்பதற்கு ஒருவரும் வருவதில்லை. அந்தப் பழிக்குப் பயந்து அவள் வயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு மறைக்கின்றாள். இளம் பெண்களுக்குச் சினைப்பையில் வரும் ஒருவகைப் புற்றுக்கட்டி உண்டு. காலத்தில் வைத்தியம் செய்தால் பெரும்பாலும் குணமாகக் கூடியது அது. குணமாகக் கூடிய நோயோடு ஒரு பெண் ஊர் வாய்க்குப் பயந்து ஒளிந்திருந்து சாவாளானால் அவளைக் கொன்றது நோயா, ஊரா என்று நாம் கேட்கின்றோம்.

இவ்வளவுக்கும் மூலவேர் எங்கே இருக்கின்றது? "தீட்டு" என்ற ஒரு சொல்லில் இருக்கின்றது. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் பெண்ணைக் கொல்லையில் உட்கார வைத்து, உன் உடம்பின் இந்தப் பாகம் அசுத்தமானது, இதைப் பற்றி ஆண்கள் காதில் விழும்படி பேசக் கூடாது என்று கற்றுக் கொடுத்தால், அவள் அந்தப் பாடத்தை ஐம்பது வயதில் எப்படி மறப்பாள்? மாதவிலக்கு நின்று சில வருஷமான பின் திரும்ப ரத்தம் பட்டால் அது உடனே கவனிக்க வேண்டிய ஆபத்தான குறி. ஆனால் அந்தத் தாய் அதைத் தன் மகனிடம் சொல்வாளா? சொல்லத்தான் வாய் வருமா? அவள் வாயைக் கட்டியவர்கள் சாஸ்திரம் எழுதியவர்கள் மாத்திரமல்ல, அதை வீட்டில் அமல் நடத்தும் நாமும்தான்.

கர்மமும் காணிக்கையும்

நிற்க, நோய் முற்றி வெளியே தெரிந்த பிறகாவது வைத்தியரிடம் போகிறார்களா என்றால், முதலில் போகிற இடம் வேறு. குறி சொல்லுகிறவனிடம் போனால் செய்வினை என்கின்றான். ஜோசியனிடம் போனால் ஏழரைச் சனி என்கின்றான். கோயிலுக்குப் போனால் வயிற்றுப் பாகத்தைத் தகட்டில் செய்து உண்டியலில் போடச் சொல்லுகின்றார்கள். புராணம் படித்தவனைக் கேட்டால் முற்பிறப்பில் செய்த பாவம் என்று சொல்லி ஏப்பம் விடுகின்றான். தோழர்களே, முற்பிறப்பில் பாவம் செய்தவன் ஆணாயிருந்தாலும் இருக்கலாம் அல்லவா? அப்படியிருக்க, இந்தத் தண்டனை மாத்திரம் சினைப்பை உள்ளவர்களுக்கே வருவதேன்? கூண்டு கூண்டாகக் கோழி வளர்க்கும் இடங்களில் முட்டையிடும் பெட்டைக் கோழிகளுக்கும் வயதானால் சினைப்பையில் புற்றுநோய் வருகின்றதென்று ஆராய்ச்சிக்காரர்கள் கண்டு, அவைகளை வைத்து இந்நோயை ஆராய்ந்து வருகின்றார்கள். அந்தக் கோழி முற்பிறப்பில் எந்த ஏகாதசியை அனுஷ்டிக்காமல் விட்டது என்று புராணீகர்கள் சொல்லுவார்களாக!

பிள்ளை வரத்துக்கும் வயிற்று நோய்க்கும் அரசமரத்தையும் வேப்பமரத்தையும் சுற்றுகிறவர்கள் இன்னும் இருக்கின்றார்கள். மரத்தினால் வயிற்று நோய் தீருமா என்று கேட்டால், தீரும் என்றே நாமும் சொல்லுவோம். எப்படி என்று கேளுங்கள். அமெரிக்காவின் மேற்குக் கரைக் காடுகளில் யூ என்ற ஒரு மரம் உண்டு. 1962ஆம் ஆண்டில் அதன் பட்டையை உரித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். மன்றோ வால் என்பவரும், மகாராஷ்டிரத்தில் பிறந்து அங்கே போய் உழைத்த மன்சுக் வானி என்பவரும் பட்டையிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்து, அதன் அமைப்பை 1971ஆம் ஆண்டில் உலகத்துக்குச் சொன்னார்கள். பல ஆண்டுச் சோதனைகளுக்குப் பின் 1992ஆம் ஆண்டில் அது சினைப்பைப் புற்றுநோய்க்கு மருந்தாக அமெரிக்க அரசாங்கத்தால் ஒப்புக் கொள்ளப்பட்டது. அதுதான் டாக்சால் என்ற பாக்ளிடாக்சல். அதேபோல் ரோசன்பர்க் என்பவர் 1965ஆம் ஆண்டில் கிருமிகளின் மேல் மின்சாரம் பாய்ச்சிச் சோதித்தபோது, மின்கம்பியிலிருந்து கரைந்த பிளாட்டினம் அவைகள் பெருகாமல் தடுத்ததைக் கண்டார். அந்த வழியில் பிறந்த சிஸ்பிளாட்டின் 1978ஆம் ஆண்டில் மருந்தாயிற்று. அதன் தம்பியாகிய கார்போபிளாட்டினும் பாக்ளிடாக்சலும் சேர்ந்தே இன்று இந்நோய்க்கு, அறுவை சிகிச்சையோடு கூட, முக்கியமான மருந்துகளாக இருக்கின்றன. மரத்தைச் சுற்றியவன் மரத்தடியிலேயே நின்றான். மரத்தை உரித்துப் பார்த்தவன் மருந்தோடு வந்தான். இவ்வளவுதான் பக்திக்கும் பகுத்தறிவுக்கும் உள்ள வித்தியாசம்.

புதிய சடங்குகள்

பழைய சடங்கைக் கண்டிக்கின்ற நாம் புதிய சடங்கையும் கண்டிக்கக் கடமைப்பட்டிருக்கின்றோம். இப்போது "விழிப்புணர்வு" என்று ஒரு சொல் பட்டணங்களில் வெகு தாராளமாய் அடிபடுகின்றது. இந்த நோய்க்கென்று 2013ஆம் ஆண்டு முதல் மே 8ஆம் தேதி உலக தினமாக வைக்கப்பட்டிருக்கின்றது. மேல்நாடுகளில் செப்டம்பர் மாதத்தையும் இதற்கென ஒதுக்கி, மயில் கழுத்து நிறத்தில் ஒரு நாடாவைச் சட்டையில் குத்திக் கொள்ளுகின்றார்கள். தினம் வைப்பதையும் நாடா குத்துவதையும் நாம் குறை சொல்லவில்லை. நாடாவைக் குத்தி, விளக்கைப் போட்டு, படம் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டு, வீட்டில் உள்ள தாயார் மூன்று மாதமாய் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்காமல் இருப்பதைத்தான் குறை சொல்லுகின்றோம். திருநீறு பூசியவனெல்லாம் யோக்கியன் அல்ல என்பது போலவே நாடா குத்தியவனெல்லாம் தொண்டனும் அல்ல.

மற்றொரு புதிய சடங்கு, "முழு உடம்புச் சோதனை" என்ற பேரில் விற்கப்படும் மூட்டை. ஒரு தொந்தரவும் இல்லாத பெண்களிடம் வருஷாவருஷம் சி.ஏ.125 பார்த்தால் சினைப்பைப் புற்றுநோயிலிருந்து தப்பலாம் என்று ஆசை காட்டுகிறவர்கள் இருக்கின்றார்கள். இதைப் பிரிட்டனில் நன்றாகச் சோதித்துப் பார்த்தாய்விட்டது. 2 லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களைச் சேர்த்து, சுமார் 16 வருஷம் கவனித்து, 2021ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். அடையாளம் ஒன்றுமில்லாத பொதுப் பெண்களை இப்படிச் சலித்தெடுப்பதால் சாவு குறையவில்லை என்பதே அந்த முடிவு. அந்தச் சோதனை மாதவிலக்குக் காலத்திலும், வயிற்றுக் காசநோயிலும்கூட ஏறிக் காட்டும். ஆரம்ப நிலைப் புற்றுநோய் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு ஏறாமலும் இருக்கும். கருப்பை வாய்க்கு எடுக்கும் பாப் சோதனை சினைப்பை நோயைக் காட்டாது என்பதையும் அறிய வேண்டும். அது நல்லது, செய்ய வேண்டியது, ஆனால் அது வேறு நோய்க்கு.

"அப்படியானால் உங்கள் பிரசாரத்தால் என்ன லாபம்" என்று ஒருவர் மடக்கலாம். கேட்கத்தக்க கேள்விதான். அமெரிக்கக் கணக்குப்படி நோய் சினைப்பைக்குள்ளேயே இருக்கும்போது கண்டவர்களில் 100க்கு 90 பேருக்கு மேல் ஐந்து ஆண்டு தாண்டுகின்றார்கள். தூரப் பரவிய பின் கண்டவர்களில் சுமார் 30 பேரே தாண்டுகின்றார்கள். முன்கூட்டி வந்தால் ஒவ்வொருவரும் பிழைப்பார்கள் என்று நாம் வாக்குக் கொடுக்கவில்லை. இந்நோயில் கொடிய வகை வேகமாகப் பரவக் கூடியது என்பதும் உண்மை. ஆனால் அடையாளம் கண்ட பின்னும் ஆறு மாதம் ஓமத் தண்ணீரிலும், ஆறு மாதம் வாயு மாத்திரையிலும், ஆறு மாதம் வேண்டுதலிலும் கழித்து, எலும்பும் தோலுமாய், வயிறு முழுக்க நீரோடு வருகிறவளைவிட, நடந்து வருகிறவள் கத்தியையும் மருந்தையும் தாங்குவாள் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. அன்றியும் கட்டி என்றவுடன் பக்கத்தில் கிடைத்த கத்தியிடம் ஓடாமல், புற்றுநோய் அறுவையில் தேர்ந்தவரிடம் போக வேண்டும் என்று தெரிவதும் ஒரு லாபமே. ஏனென்றால் புற்றுக்கட்டி அறுக்கும்போது உள்ளே உடைந்துவிட்டால் நோயின் நிலை ஒரு படி ஏறிவிடுகின்றது. அறிவு உயிருக்கு உத்தரவாதமல்ல. ஆனால் அறியாமை சாவுக்குப் பாதி உத்தரவாதம்.

பத்துப் பொருத்தமும் பாட்டியின் சாவும்

இந்நோய் கண்டவர்களில் 100க்கு 15 முதல் 20 பேர் வரை பரம்பரையாக வரும் ஒரு மரபணுக் குறையால் நோயடைகின்றார்கள். பிராக்கா 1, பிராக்கா 2 என்று அந்த மரபணுக்களுக்குப் பேர். அவைகளில் முதலாவதன் இருப்பிடத்தை மேரி கிளேர் கிங் என்ற அம்மையார் 1990ஆம் ஆண்டில் காட்டினார். முதலாவது குறை உள்ள பெண்களில் 80 வயதுக்குள் 100க்குச் சுமார் 44 பேருக்கும், இரண்டாவது குறை உள்ளவர்களில் சுமார் 17 பேருக்கும் சினைப்பைப் புற்றுநோய் வருகின்றதென்று கணக்கிட்டிருக்கின்றார்கள். மார்பகப் புற்றுநோயும் அவர்களுக்கு அதிகம். இதை முன்னால் அறிந்தால், பிள்ளை பெற்று முடித்த பின் சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துவிட்டுப் பெருமளவு தப்பிக்கலாம். சினிமா நடிகை ஏஞ்சலினா ஜோலி 2015ஆம் ஆண்டில் அவ்விதம் செய்துகொண்டதை ஒளிக்காமல் பத்திரிகையில் தாமே எழுதினார். அதற்குப் பெயர் மானம்.

இதில் நம் ஆண்சிங்கங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்தக் குறை தாய் வழியாக மாத்திரம் வருவதல்ல. தகப்பன் வழியாகவும் அதே அளவுக்கு வரும். பெற்றோரில் எவர் ஒருவருக்கு இருந்தாலும் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆகவே "அவள் வம்சத்து நோய்" என்று மருமகள் தலையில் கட்டுவதற்கு முன் தங்கள் அத்தையும் பாட்டியும் எதனால் இறந்தார்கள் என்று ஆண்கள் விசாரிக்கட்டும். கலியாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கின்றார்கள். ராசி, நட்சத்திரம், ரஜ்ஜு எல்லாம் விரல் நுனியில் இருக்கின்றன. ஆனால் பாட்டி எந்த நோயில் செத்தாள் என்று கேட்டால் "வயிற்று நோய்" என்பதற்கு மேல் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தாலும், பெண்ணுக்கு வரன் அமையாது என்று மறைத்துவிடுகின்றார்கள். குடும்ப நோயை அறிய வேண்டும் என்று நாம் சொல்வது பெண்ணைக் கழிப்பதற்கல்ல, காப்பதற்கே. இதை வைத்துக்கொண்டு ஒருவன் பெண்ணைத் தள்ளுவானானால் அவன் ஜாதகம் பார்த்துத் தள்ளுகிறவனைவிட எவ்விதத்திலும் மேலானவன் அல்ல.

செய்து காட்டியவர்கள்

இனி, பொதுஜனங்களால் என்ன செய்ய முடியும் என்பதற்கு வருவோம். சென்னை அடையாற்றில் உள்ள புற்றுநோய் மருத்துவமனை 1954ஆம் ஆண்டில் 12 படுக்கைகளோடு தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியது அரசாங்கமுமல்ல, மடாதிபதியுமல்ல. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரும் அவரைச் சேர்ந்த இந்திய மாதர் சங்கத்தாருமே பணம் திரட்டித் தொடங்கினார்கள். பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க முன் நின்ற அதே அம்மையார்தான் அவர். தமது தங்கை புற்றுநோயால் மாண்டதைக் கண்ணால் கண்டவர். கண்டு அழுதுவிட்டு உட்கார்ந்துவிடாமல் எழுந்து வேலை செய்தவர். 1955ஆம் ஆண்டில் அங்கு சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மையார் 2021ஆம் ஆண்டில் மறையும் வரை அதற்கே உழைத்தார்.

பிரிட்டனில் 1996ஆம் ஆண்டில் இந்த நோய் கண்ட ஒரு பெண்மணி, தன்னைப் போன்றவர்கள் ஒருவரோடொருவர் பேச வேண்டுமென்று ஓவாகோம் என்ற சங்கத்தைத் தொடங்கினார். அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டு முதல், நோயிலிருந்து மீண்ட பெண்கள் வைத்தியக் கல்லூரிகளுக்கே போய், "எங்களுக்கு இப்படி ஆரம்பித்தது, வைத்தியர்கள் இப்படித் தவறவிட்டார்கள்" என்று மாணவர்களுக்குப் பாடம் சொல்லி வருகின்றார்கள். வைத்தியம் படிக்கிறவனுக்கு நோயாளி வாத்தியாராகின்றாள். நமது பக்கத்துக் கேரளத்தில் 1993ஆம் ஆண்டில் கோழிக்கோட்டில் வலி தணிக்கும் சங்கம் ஒன்று ஏற்பட்டு, பின்னர் சாதாரண ஜனங்களே பயிற்சி பெற்று, சிறு சிறு தொகையாகப் பணம் திரட்டி, தீராத நோயாளிகளை வீடு தேடிப் போய்க் கவனிக்கும் முறை ஊர் ஊராகப் பரவியது. 2008ஆம் ஆண்டில் அந்த அரசாங்கமே அதைத் தன் கொள்கையாக ஏற்றுக் கொண்டது. இவர்கள் ஒருவரும் வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்ல.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே தோழர்களே, ஒவ்வொரு ஊரிலும் பத்துப் பேர் கிடைத்தால் போதும். அதிலே ஆறு பேர் பெண்களாயிருப்பது நலம். அவர்கள் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

முதலாவது, நான்கு அடையாளங்களையும் மாதத்தில் 12 நாள் என்ற கணக்கையும் ஊரில் எல்லாப் பெண்களுக்கும், எல்லா ஆண்களுக்கும், மனப்பாடமாகும் வரை சொல்ல வேண்டும். மேடை கிடைத்தால் மேடையில். கிடைக்காவிட்டால் ரேஷன் கடை வரிசையில், நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில், மகளிர் குழுக் கூட்டத்தில்.

இரண்டாவது, சந்தேகப்பட்ட பெண்ணைத் தனியே அனுப்பாமல் கூடப் போக வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் எந்த வாசல், எந்தச் சீட்டு, எந்த வரிசை என்பது தெரியாமலே எத்தனையோ பேர் பாதியில் திரும்பிவிடுகின்றார்கள். ஒரு முறை போய்ப் பழகிய தொண்டர் ஒருவர் பத்துப் பேருக்கு வழி காட்டலாம். தொந்தரவு என்று தொடங்கியது, எத்தனை நாள் இருந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் வைத்தியர் தட்டிக் கழிக்க முடியாது.

மூன்றாவது, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் வைத்தியத்துக்கும் இடமுண்டு. அதற்கு வேண்டிய அட்டையும் வருமானச் சான்றும் நோய் வருமுன்னே எடுத்து வைக்க உதவ வேண்டும். சாகக் கிடக்கும்போது தாலுகா ஆபீசுக்கு அலைவது கொடுமை.

நான்காவது, மருந்து ஏற்றும் மாதங்களில் அந்த வீட்டில் உலை வைப்பது யார்? பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புவது யார்? மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது யார்? பஸ் செலவுக்கு என்ன வழி? இவைகளைத் தெருவார் முறை போட்டுச் செய்ய வேண்டும். கோயில் கொடைக்கு வீட்டுக்கு வீடு வரி போடத் தெரிந்த ஊருக்கு இதற்கு வரி போடத் தெரியாதா?

ஐந்தாவது, மருந்தால் முடி உதிர்ந்த பெண்ணை மங்கல காரியத்துக்கு ஆகாதவள் என்று ஒதுக்குகிறவர்களை நேரில் கண்டிக்க வேண்டும். இது தொட்டால் ஒட்டும் நோயல்ல என்று, அவள் வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிட்டே காட்ட வேண்டும்.

ஆறாவது, நோயின் பேரை நோயாளியிடமே மறைக்கும் வழக்கத்தை விட வேண்டும். புருஷனுக்குத் தெரியும், மகனுக்குத் தெரியும், மாமனுக்குத் தெரியும். வயிற்றுக்குச் சொந்தக்காரிக்கு மாத்திரம் தெரியாது! அவள் உடம்பில் கத்தி வைக்க அவளைக் கேட்க வேண்டாமா? எத்தனை காலம்தான் பெண்ணைக் குழந்தையாக வைத்திருப்பது?

"ஆண்பிள்ளை இதையெல்லாம் எப்படிப் பேசுவது" என்று சில வாலிபர்கள் நெளியக் கூடும். அவர்களுக்கு ஒன்று சொல்லுகின்றோம். அந்த வயிற்றில் பத்து மாதம் இருக்கும்போது உங்களுக்கு வெட்கமில்லை. அந்த வயிறு நோகின்றது என்று சொல்லும்போது மாத்திரம் வெட்கம் வருவது என்ன நியாயம்? உங்கள் தாயாரிடமோ அக்காளிடமோ மனைவியிடமோ இன்றைக்கே கேளுங்கள்: சாப்பாடு இறங்குகின்றதா, வயிறு உப்புகின்றதா, வலிக்கின்றதா, அடிக்கடி கொல்லைக்குப் போக வேண்டியிருக்கின்றதா என்று. முதல் நாள் சிரிப்பார்கள். இரண்டாம் நாள் கோபிப்பார்கள். மூன்றாம் நாள் உண்மையைச் சொல்லுவார்கள்.

இந்தப் பிரதியைப் படித்துவிட்டு மடித்து வைக்காமல், எழுதப் படிக்கத் தெரியாத ஐந்து பெண்களுக்காவது உரக்கப் படித்துக் காட்டும்படி ஒவ்வொரு தோழரையும் கேட்டுக் கொள்ளுகின்றோம்.